ஒரு ஐரிஷ் சொல்லின் சாதிச் சான்றிதழ்

ஐரிஷ் மொழியில் 'சுதந்திரமானவன்' என்பதற்கு 'ஸீர்' என்று ஒரு சொல் உண்டு. அதற்கு எதிர்ச்சொல் 'தீர்'. 'தானம்' என்பதில் வருகிற தகர ஒலியோடு அதைச் சொல்ல வேண்டும். ஸீர் என்றால் கட்டில்லாதவன். தீர் என்றால் கட்டுப்பட்டவன், அடிமை. அயர்லாந்தின் மேற்குக் கரையில் இன்னும் ஐரிஷ் புழங்குகிற ஊர்களில், கடைகண்ணிகளில் இதே இரண்டு சொற்களும் வேறொரு வேலையும் பார்க்கின்றன. ஸீர் என்றால் மலிவு. தீர் என்றால் விலை ஜாஸ்தி.

காதுக்கு இவை ஒற்றை அசைச் சொற்கள்தான். ஆனால் இரண்டுமே கூட்டுச்சொற்கள். தேய்ந்து தேய்ந்து ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் போனவை. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுப் பழைய ஐரிஷில் இவை 'ஸோயர்', 'தோயர்'. அதற்கும் முந்தின வடிவம் எழுத்தில் கிடைக்கவில்லை. உறவு மொழிகளை ஒப்பிட்டு மொழியியலார் மீட்டுச் சொல்வது 'ஸு-விரோஸ்', 'து-விரோஸ்'. ஸு என்றால் நல்ல, து என்றால் கெட்ட, விரோஸ் என்றால் ஆம்பளை, ஆள். இந்த மூன்று துண்டும் நமக்குப் புதுசில்லை. சுகந்தம் என்கிறோமே, அந்த 'சு'. துர்நாற்றம் என்கிறோமே, அந்த 'துர்'. வீரன் என்கிறோமே, அந்த 'வீர'. நமக்கு இவை சமஸ்கிருதம் வழியாக வந்து சேர்ந்தன. ஐரிஷ்காரர்களுக்குப் பாட்டன் பூட்டன் வழியில் வந்தன. இரண்டுக்கும் மூலக்குடும்பம் ஒன்று.

ஆக, சுதந்திரமானவன் 'நல்ல ஆள்'. அடிமை 'கெட்ட ஆள்'. இதுதான் அந்தச் சொற்களின் பிறப்புச் சான்றிதழ். நம்ம வழக்கில் சொன்னால் சாதிச் சான்றிதழ்.

ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ஸீர் என்றதும் சிலருக்கு நம்ம 'சீர்' ஞாபகத்துக்கு வரும். சீரும் சிறப்பும் உள்ளவன்தானே சுதந்திரமானவன் என்று உடனே ஒரு முடிச்சுப் போடத் தோன்றும். வேண்டாம். ஓசை ஒத்துப்போவது உறவாகிவிடாது. இப்படி ஓசையை வைத்துப் பரம்பரை கட்டுகிற வேலையை ஐரோப்பாவிலும் செய்தார்கள். அயர்லாந்தின் சொந்தப் பெயரான 'எய்ரே'யை 'ஆரிய' என்ற சொல்லோடு முடிந்து, மேற்கே கடைசி ஆரியர்கள் இவர்கள்தான் என்று 19ஆம் நூற்றாண்டில் எழுதியவர்கள் உண்டு. மொழியியலார் இன்று அதை ஏற்பதில்லை. உயர்ந்த பரம்பரை வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் ஆட்களுக்கு மட்டுமில்லை, தீவுக்கே பூணூல் போட்டுவிடுவார்கள்.

நான் கேட்க வருவது இதுதான். ஒரு சொல்லின் பிறப்பு அந்தச் சொல்லைக் கட்டுப்படுத்துமா? விடுதலை என்பதற்கான சொல்லே 'நல்லவன் - கெட்டவன்' என்ற எஜமானின் தீர்ப்பிலிருந்து பிறந்திருந்தால், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு விடுதலை கேட்க முடியுமா? பிறப்பை வைத்து மனுசனை எடை போடாதே என்று சொல்கிற நாம், பிறப்பை வைத்துச் சொல்லை எடை போடலாமா?

இந்தச் சொற்கள் வேலை பார்த்த இடத்தைப் பார்ப்போம். பழைய அயர்லாந்தின் சட்டங்களைப் பிரெஹன் சட்டங்கள் என்பார்கள். அவற்றில் 'கிரித் கப்லாக்' என்கிற நூல் கி.பி. 700ஐ ஒட்டியது. யார் யாருக்கு என்ன அந்தஸ்து என்று படி படியாக அடுக்கிச் சொல்வதுதான் அதன் வேலை. ஒவ்வொரு படிக்கும் ஒரு மதிப்புத்தொகை உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயரின் நேர்ப்பொருள் 'முகத்தின் விலை'. ஒருத்தரை அவமானப்படுத்தினால், காயப்படுத்தினால், அவர் முகத்தின் விலையைக் கணக்கிட்டு ஈடு தர வேண்டும். அடிமைக்கு அந்த விலை கிடையாது. அடிமையை அடித்தால் ஈடு அவனுக்கு வராது, எஜமானுக்குப் போகும். முகம் இருந்தும் முகம் இல்லாதவன்.

எல்லாவற்றிலும் இந்த இரண்டு சொல்லும் புகுந்துகொண்டன. பிரபுவிடம் மாடு வாங்கி வாழ்கிற குடியானவர்களில் ஸோயர் வகை, தோயர் வகை என்று இரண்டு. மாடு கொடுக்கிற ஒப்பந்தத்திலும் அதே இரண்டு. இவர்களுக்கும் கீழே நிலத்தோடு கட்டப்பட்டவர்கள். தலைமுறைகளாக ஒரே பிரபுவின் மண்ணில் கிடந்தால், பிறகு அதைவிட்டுப் போகிற உரிமையே போய்விடும். நிலம் கை மாறினால் ஆளும் சேர்ந்து கை மாறுவான். இதைப் படிக்கிறபோது தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

'உரகெக்ட் பெக்' என்று இன்னொரு சட்டநூல் இருக்கிறது. 'சிறிய பாலபாடம்' என்று பொருள். சிறப்புரிமை பெற்றவர்களையே அது ஸோயர், தோயர் என்று இரண்டாகப் பிரிக்கிறது. பிரபுக்களும் குருமார்களும் கவிஞர்களும் ஸோயர் பக்கம். கொல்லர், தச்சர், யாழ் வாசிப்பவர், வைத்தியர் எல்லாம் தோயர் பக்கம். இவர்கள் அடிமைகள் இல்லை, மதிப்புள்ளவர்கள்தான். ஆனாலும் மேலே ஒருத்தன் நிற்கிறபோது இவர்கள் மேல் 'து' ஒட்டிக்கொள்கிறது. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னாரே, அது இதுதான். ஒவ்வொருத்தனுக்கும் கீழே ஒருத்தனைக் காட்டிச் சமாதானப்படுத்துவது.

இதில் ஒரு வேடிக்கை. தச்சரையும் கட்டடக்காரரையும் குறிக்கிற ஐரிஷ் சொல்லும் இன்றைக்கு 'ஸீர்'தான். வேர் வேறு என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். காலப்போக்கில் இரண்டும் ஒரே எழுத்து, ஒரே ஓசை ஆகிவிட்டன. பேர் ஸீர், சட்டத்தில் இடம் தோயர். கட்டுகிறவன் கையில் உளி, கட்டளையிடுகிறவன் கையில் அகராதி.

பெண்கள் எங்கே என்று கேட்பீர்கள். சொல்லுக்குள்ளேயே இல்லை. விரோஸ் என்றால் ஆண். நல்ல ஆண், கெட்ட ஆண், அவ்வளவுதான். பெண் அடிமைக்குத் தனிச்சொல், 'குமல்'. அந்தச் சொல் பின்னால் நாணய அலகாக மாறியது. அபராதம் இத்தனை குமல், கடன் இத்தனை குமல் என்று சட்டநூல்கள் கணக்குப் போடுகின்றன. கையில் நிஜமாகக் கொடுத்தது மாடாக இருக்கலாம், வேறு பொருளாக இருக்கலாம். கணக்கின் பெயர் அடிமைப் பெண். நிலத்தை அளக்கவும் அதே சொல். ஒரு பெண்ணின் உடம்பை அளவுகோலாக்கிவிட்டு, பிறகு அந்தப் பெண்ணை மறந்துவிட்டு, கோலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

நீட்சேயைப் படித்தவர்கள் இந்த இடத்தில் குறுக்கிடலாம். 1887இல் வந்த 'அறநெறியின் வம்சாவளி'யில் அவர் இதைத்தானே சொன்னார்? 'நல்ல' என்ற சொல் முதலில் மேட்டுக்குடி தன்னைத் தானே அழைத்துக்கொண்ட சொல், 'கெட்ட' என்பது அவர்கள் கீழே இருந்தவர்களைப் பார்த்துச் சொன்ன சொல் என்று கிரேக்கம், லத்தீன், ஜெர்மன் சொற்களை எடுத்துக் காட்டினார். கேலிக் மொழியிலிருந்தும் ஒரு சொல்லை எடுத்துக் காட்டினார். இந்த ஸீர் - தீர் ஜோடியை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார், அவ்வளவு பொருத்தம். ஆனால் அவர் அந்தச் சொற்களை மேலே நின்று படித்தார். தன்னைத் தானே 'நல்லவன்' என்று கூப்பிட்டுக்கொண்ட எஜமானின் தெம்பு அவருக்குப் பிடித்திருந்தது. மனுதர்மத்தைப் பாராட்டி எழுதியவரும் அவர்தானே! நாம் அதே சொற்களைக் கீழே நின்று படிக்கிறோம். கீழே நின்றால் தெரிவது தெம்பு இல்லை. ஒரு திருட்டு.

என்ன திருட்டு? ஒருத்தன் அடிமையாக இருப்பது அவனுக்கும் இன்னொருத்தனுக்கும் நடுவில் இருக்கிற ஒரு நிலைமை. கட்டினவன் ஒருத்தன் இருந்தால்தான் கட்டுப்பட்டவன் இருக்க முடியும். 'து-விரோஸ்' என்ன செய்கிறது? கட்டினவனைச் சொல்லிலிருந்து வெளியே எடுத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது ஒரு தனி ஆளும் அவனிடம் ஒட்டிக்கொண்ட ஒரு குணமும். போரில் பிடிபட்டவன், கடனில் மூழ்கியவன், அடிமைக்குப் பிறந்தவன் எல்லோருக்கும் ஒரே விளக்கம்: கெட்ட ஆள். அடிமையாக்கினதால் அவனைக் கெட்டவன் என்றார்கள். கெட்டவன், அதனால்தான் அடிமை என்று பிறகு சொல் பேசத் தொடங்கியது.

தமிழில் நமக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 'தாழ்ந்தவர்' என்பதற்கும் 'தாழ்த்தப்பட்டவர்' என்பதற்கும் நடுவில் இருப்பது வெறும் இலக்கண விகுதி இல்லை. முதல் சொல்லில் ஆள் தானாகவே தாழ்ந்து கிடக்கிறான். இரண்டாவதில் தாழ்த்தினவன் யார் என்ற கேள்வி உள்ளேயே நிற்கிறது. 'தலித்' என்ற சொல்லும் அப்படித்தான். நொறுக்கப்பட்டவர் என்றால் நொறுக்கினவன் எங்கே என்று கேட்காமல் அந்தச் சொல்லைக் கடக்க முடியாது. 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் அந்தப் பெயரைத் தூக்கிப் பிடித்தபோது, அந்தக் கேள்வியையும் சேர்த்தே தூக்கிப் பிடித்தார்கள். 'ஹரிஜன்' அப்படி இல்லை. முன்னால் ஒரு சாமியை ஒட்டி ஆளை நல்லவனாக்குகிற கூட்டுச்சொல் அது. 'து'வைக் கழற்றி 'சு'வை மாட்டுகிற வேலை. கட்டினவன் பேர் அதிலும் வராது.

'நல்ல ஆள்' என்ற சொல்லை நான் முதலில் கேட்டது என் தாத்தாவைப் பற்றித்தான். அவர் பண்ணையாள். எங்க பக்கம் 'ஆள்' என்றாலே இரண்டு அர்த்தம்: மனுசன் என்றும் அர்த்தம், பண்ணைக்குக் கட்டுப்பட்டவன் என்றும் அர்த்தம். "அவன் நல்ல ஆளுடா" என்று ஆண்டை சொன்னால், விடியறதுக்கு முன்னால் வந்து நிற்கிறான், குறைத்து அளந்த நெல்லை வாய் பேசாமல் வாங்கிக்கொண்டு போகிறான் என்று பொருள். மரக்காலைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அன்றிலிருந்து அவன் கெட்ட ஆள். அயர்லாந்தில் நல்ல ஆள் என்றால் சுதந்திரமானவன். எங்க ஊரில் நல்ல ஆள் என்றால் கட்டை அறுக்காதவன். நேர் எதிர்ப் பொருள்தான். ஆனால் சான்றிதழ் கொடுத்த கை ஒன்றுதான். ஒரு மனுசன் நல்லவனா கெட்டவனா என்பதை அவன் உழைப்பில் சாப்பிடுகிறவன் தீர்மானித்தான்.

சரி, இதெல்லாம் ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தின கதை, இன்றைக்கு ஸீர் என்று சொல்கிற ஒரு ஐரிஷ் குழந்தைக்கு 'நல்ல ஆள்' என்ற நினைப்பு வருமா என்று கேட்கலாம். வராது. ஒட்டுப்போட்ட இடம் அழிந்துபோயிற்று. சொல்லின் இன்றைய பொருள் இன்றைக்கு அதைப் பேசுகிறவர்களின் புழக்கத்தில் இருக்கிறதே தவிர, அதன் பாட்டன் எலும்பில் இல்லை. இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொள்வது மட்டுமில்லை, இது நமக்கு வேண்டிய கொள்கையும்தான். பிறப்பு விதி ஆகாது என்றால் சொல்லுக்கும் ஆகாது. ஸீர் என்பதிலிருந்துதான் 'ஸீர்ஷே' வந்தது; விடுதலை என்று பொருள். குடிமகன் என்பதற்கான சொல்லும் அதிலிருந்துதான் வந்தது. விடுமுறை நாள் என்பதற்கும் அதே வேர்தான். எஜமானின் வாயில் பிறந்த சொல் தெருவுக்கு வந்து, ஊர்வலம் போய், ஜெயிலுக்குப் போய், தூக்குமேடை ஏறி வேறு சொல்லாகிவிட்டது.

அப்படியானால் வம்சாவளி பார்த்து என்ன பிரயோஜனம்? அது குற்றவாளியை அடையாளம் காட்டுகிறது. பிறந்த சொல்லின் மேல் குற்றமில்லை. அதைப் பெற்றுப் பெயர் வைத்தவன் மேல்தான். அது மட்டுமில்லை. ஒட்டுப்போட்ட இடம் அழிந்தாலும் பழைய வேலை வேறு வழியில் தொடருகிறதா என்று பார்க்கச் சொல்லித் தருகிறது.

தொடருகிறது. 'தீர்' இன்று வினைச்சொல்லாகவும் இருக்கிறது: குற்றவாளி என்று தீர்ப்பளிப்பது. 'அவனுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது' என்பதை ஐரிஷில் இந்த வினையை வைத்துச் சொல்லலாம். அப்படிச் சொல்கிறபோது, செய்தவன் பேரே வராத ஒரு வினை வடிவம் அந்த மொழியில் இருக்கிறது. விதித்தது யார் என்று சொல்லவே வேண்டியதில்லை. அந்த வடிவத்துக்கு ஐரிஷ் இலக்கணத்தில் என்ன பேர் தெரியுமா? 'ஸீர் வினை'. சுதந்திர வினை! தண்டிக்கப்பட்டவன் தீர், தண்டித்தவன் வாக்கியத்திலிருந்து விடுதலையாகிப் போய்விட்டான். இலக்கணக்காரர்கள் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. எழுவாய் இல்லாததால் அது கட்டில்லாத வினை என்று பேர் வைத்தார்கள். இருந்தாலும் நம்மை மாதிரி 'வீடு கொளுத்தப்பட்டது', 'இருவர் தாக்கப்பட்டனர்' என்று பத்திரிகையில் படித்தே வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேர் சும்மா கடந்து போகாது. தாழ்த்தப்பட்டவர் என்ற 'பட்ட'வும் இதே 'பட்ட'தான். கேள்வியை எழுப்பவும் அது உதவும், ஆளை ஒளிக்கவும் உதவும். யார் என்று நாம் கேட்கிறோமா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

இன்னொரு கூட்டுச்சொல்லையும் பார்க்க வேண்டும்: 'ஸீர்ஸ்டாட்'. ஸீர் என்பதோடு அரசு என்பதற்கான சொல்லைச் சேர்த்தது. 1919இல் டப்ளினில் கூடிய மக்கள் மன்றம் விடுதலையைப் பிரகடனம் செய்தபோது, குடியரசு என்பதற்கு ஐரிஷில் இதைத்தான் எழுதினார்கள். 1921 ஜூலையில் லண்டனில் டி வலேரா பேச்சுவார்த்தைக்குப் போனபோது, இந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் என்ன என்று பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் கேட்டார். 'சுதந்திர அரசு' என்று பதில். அந்த வருசம் டிசம்பர் 6ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தத்தில் அந்தப் பெயரே வந்தது. குடியரசு வரவில்லை; மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் வந்தது. ஐரிஷில் குடியரசு என்று படித்துக்கொள்ளலாம், ஆங்கிலத்தில் டொமினியன் என்று படித்துக்கொள்ளலாம். ஒரே சொல்லுக்குள் இரண்டு பேரும் குடியிருக்க முடியாமல் 1922 ஜூனில் உள்நாட்டுப் போர் வெடித்து 1923 மே வரை நடந்தது. 1937இல் புதிய அரசியல் சட்டத்தோடு அந்தப் பெயர் போயிற்று.

அந்தச் சுதந்திர அரசில், ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 வயதில் வாக்குரிமை தந்த அதே அரசில், மக்தலேன் சலவைக்கூடங்களும் நடந்துகொண்டிருந்தன. கன்னிகாஸ்திரீகள் நடத்தியவை. கல்யாணமாகாமல் தாயானவள், அநாதைப் பள்ளியில் வளர்ந்தவள், வீட்டுக்கு அடங்காதவள் என்று குடும்பம் ஒதுக்கினவள், நீதிமன்றம் அனுப்பினவள் எனப் பல பெண்களை உள்ளே வைத்து, கூலி இல்லாமல் ஊரார் துணியைத் துவைக்க வைத்தார்கள். 1922க்குப் பிறகு மட்டும் பத்தாயிரம் பெண்கள் அளவுக்கு உள்ளே போனார்கள் என்றும், அரசுக்கு அதில் பங்கு இருந்தது என்றும் அரசு அமைத்த குழுவே 2013இல் சொன்னது. கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996இல். பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2013 பிப்ரவரி 19இல்.

இந்தப் பெண்களைப் பற்றி ஊர் என்ன சொன்னது? நடத்தை கெட்டவள். அப்படிச் சொன்ன பிறகு கதவைப் பூட்டுவதற்குக் காரணம் தேவைப்படவில்லை. 'து-விரோஸ்' என்ற பழைய சூத்திரம் அப்படியே இருக்கிறது. ஆள் என்ற இடத்தில் பெண், அவ்வளவுதான் மாற்றம். நாட்டின் பெயரில் ஸீர் இருந்தது. அவர்கள் வாழ்க்கையில் தீர் இருந்தது. மலிவு என்ற பொருளில் மட்டும் அவர்கள் உழைப்பும் ஸீர்.

'சிறிய பாலபாடம்' என்று சொன்னேனே, அதே சட்டநூலில் ஒரு நீதிவாக்கியம் வருகிறது. ஒரு மனுசன் தன் பிறப்பைவிட மேலானவனாக இருக்க முடியும் என்பது அதன் கருத்து. கல்வியாலும் தொழில்திறமையாலும் ஒருத்தன் படி ஏறலாம் என்று சட்டம் இடம் விட்டிருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முன்னால் இப்படி ஒன்றை எழுதினவர்களை நான் மதிக்கிறேன். நம்ம மனு இந்தக் கதவைக்கூடத் திறக்கவில்லை. ஆனாலும் அந்த வாக்கியம் எனக்குப் போதவில்லை. மேலானவனாக இருந்தால் ஏறலாம் என்றால், படி அப்படியே இருக்கும். ஏறினவன் 'நல்ல ஆள்' ஆகிவிடுவான். ஏற முடியாதவன் தலையில் பழைய 'து' இன்னும் அழுத்தமாக உட்காரும். இவனால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியவில்லை என்று கேட்பார்கள். படித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகளைக் காட்டிச் சேரியில் இருக்கிறவர்களைக் கேட்கிறார்களே, அதே கேள்வி.

அதனால் அந்தக் கூட்டுச்சொல்லின் முதல் துண்டையே நான் மறுக்கிறேன். சுதந்திரத்துக்கும் நல்ல குணத்துக்கும் முடிச்சுப் போட்டதுதான் ஆதித் தவறு. 'து'வை மட்டும் தூக்கி எறிந்தால் பத்தாது, 'சு'வும் போக வேண்டும். நாங்கள் நல்லவர்கள், சுத்தமானவர்கள், குடிப்பதில்லை, உழைக்கிறோம், அதனால் விடுதலை கொடு என்று கேட்கிற ஒவ்வொரு முறையும், சான்றிதழ் கொடுக்கிற நாற்காலியில் ஆண்டையை நாமே உட்கார வைக்கிறோம். குடிகாரனுக்கும் அடிமையாக இருக்காத உரிமை இருக்கிறது. சோம்பேறிக்கும் முகத்துக்கு விலை உண்டு. பூட்டின கதவுக்குப் பின்னால் துணி துவைத்த பெண்களில் யார் நல்லவள், யார் கெட்டவள் என்று விசாரித்துவிட்டா மன்னிப்புக் கேட்க முடியும்?

'ஆள்' மட்டும் மிஞ்சட்டும். அந்த ஐரிஷ் சொல்லில் நமக்கு வேண்டிய துண்டு அது ஒன்றுதான். அதிலும் ஆம்பளை என்ற பொருளைக் கழித்துவிட்டு, மனுசர் என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.